கடலடிக் கம்பி எவருக்குச் சொந்தம்?

இலங்கையையும் இந்தியாவையும் மின்கம்பியால் இணைக்கும் திட்டம் மீண்டும் பேச்சுக்கு வந்திருக்கின்றது. கடந்த நூற்றாண்டின் எழுபதுகளிலேயே முளைத்த எண்ணம் இது. 2010 ஜூனில் இரு அரசுகளும், இலங்கை மின்சார சபையும், இந்தியாவின் பவர் கிரிட் கூட்டுத்தாபனமும் சாத்தியவள ஆய்வு நடத்த உடன்பட்டன. மதுரையிலிருந்து அநுராதபுரம்வரை என்று முதலில் வரையப்பட்ட வழி, பின்னர் மதுரையிலிருந்து மன்னார்வரை என்று பேசப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆந் திகதி, இந்தியப் பிரதமர் கொழும்பு வந்திருந்தபோது, இத்திட்டத்தை நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பதினைந்து ஆண்டுகளில் அரசாங்கங்கள் பல மாறின. கடதாசிகள் பல கைமாறின. ஆனால் அக்கம்பி எவருக்குச் சொந்தமாகும், அதன் வருமானம் எவரைச் சேரும், அதனை அடக்கியாளும் சட்டம் யாது என்னும் கேள்விகள் மக்கள் முன் வைத்து விவாதிக்கப்படவில்லை. அவற்றை எழுப்புவதே எமது நோக்கம்.

இத்திட்டத்தைப் பற்றி எம் நாட்டிலே இரு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. இந்தியாவிலிருந்து கம்பி வந்தால் நாட்டின் இறைமை அதன் வழியே ஒழுகிப் போய்விடும் என்பது முதலாவது குரல். இக்குரலுக்குரியோர் நிலக்கரியும் எண்ணெயும் கப்பல் கப்பலாக வந்திறங்கியபோது இறைமையைப் பற்றி வாய் திறந்தவரல்லர். அயல்நாட்டின்மீது வெறுப்பை வளர்த்து அரசியல் நடத்துவோருக்கு மின்சாரமும் ஒரு சாட்டு, அவ்வளவே. அறிவியலின் பயனை இரு கரை மக்களும் பகிர்ந்து கொள்வதை முற்போக்காளர் எதிர்ப்பதற்கில்லை.

இரண்டாவது குரல் நயமானது, புள்ளிவிபரம் பேசுவது, பத்திரிகைகளின் பொருளாதாரப் பக்கங்களில் வாழ்வது. "அரசிடம் பணமில்லை. தனியார் முதலிடட்டும். கம்பி அவர்களுடையது, நட்டம் வந்தால் அதுவும் அவர்களுடையது. எமக்கு மின்சாரம் வந்தாற் போதும். விதிகளைக் காட்டி முதலீட்டாளரை விரட்டாதீர்கள்" என்பது அக்குரலின் சாரம். முதலாவது குரலின் வெறுமையை எம் வாசகர் எளிதில் உணர்வர். இரண்டாவதே படித்தோரையும் மயக்குவது. ஆகவே அதனையே நாம் விரிவாக ஆராய வேண்டியவராகின்றோம்.

கம்பியின் விளைநிலம்

நாடுகளை இணைக்கும் மின்வழியொன்றின் உடைமையாளன் எதனால் பிழைக்கின்றான்? அவன் மின்சாரத்தை உற்பத்தி செய்பவனல்லன். ஒரு கரையில் மலிவாக உள்ளதை மறு கரைக்குக் கொண்டு செல்கின்றான். இரு கரைகளுக்குமிடையேயுள்ள விலை வேற்றுமையே அவனது விளைநிலம். இவ்வுண்மையைப் பிடித்துக்கொண்டால் ஏனையவை தாமே தெளிவாகும்.

தீவொன்றுக்கும் பெருநிலத்துக்குமிடையே ஒரேயொரு தோணி ஓடுகின்றதென்று வைத்துக்கொள்வோம். பெருநிலத்தில் அரிசி மலிவு. தீவில் விலை அதிகம். தோணிக்காரன் இங்கு வாங்கி அங்கு விற்கின்றான். தோணிகள் பல ஓடினால் தீவில் விலை இறங்கும், மக்கள் மகிழ்வர், தோணிக்காரனின் இலாபமோ சுருங்கும். எனவே இன்னொரு தோணி ஓடாதிருக்க வேண்டும், தன் தோணியும் சிறிதாகவே இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பமாகும். அவன் கெட்டவன் என்பதாலன்று. அவன் தொழிலின் கணக்கு அது.

மின்சாரத்திலும் இதே கணக்குத்தான். உதாரணமாக, 500 மெகாவாற் கொண்ட கம்பியொன்று ஒரு மணி நேரத்தில் ஐந்து இலட்சம் அலகுகளைக் கொண்டு செல்லும். இரு கரைக்கும் விலை வேற்றுமை அலகுக்கு 5 ரூபா எனின், அம்மணி நேரத்தின் வருமானம் 25 இலட்சம் ரூபா. இனி, அதே அளவான இரண்டாவது கம்பியையும் இடுகின்றோம். மின்சாரம் இருமடங்காக வருவதால் விலை வேற்றுமை 2 ரூபாவாகக் குறைகின்றது எனின், பத்து இலட்சம் அலகுக்கு வருமானம் 20 இலட்சம். கம்பி இரட்டித்தது, பாவனையாளனின் விலை இறங்கிற்று, உடைமையாளனின் வருமானமோ ஐந்து இலட்சம் குறைந்துவிட்டது. இலாபத்துக்காக மாத்திரம் கம்பி இடுபவன் அந்த இரண்டாவது கம்பியை இடுவானா? இடான். சமுதாயத்துக்குத் தேவையான அளவுக்கும் தனி முதலுக்கு இலாபமான அளவுக்கும் உள்ள முரண்பாடு இங்கே நிர்வாணமாகத் தெரிகின்றது.

சந்தைவாதிகள் இவ்விடத்திலே போட்டி என்னும் மந்திரத்தை ஓதுவர். கடலடியிலே ஒரு கம்பிக்கருகில் இன்னொரு கம்பியைப் போட்டிக்கு இழுத்துச் செல்லக் கடையும் சந்தியுமா இருக்கின்றன? ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றும் நிலையங்கள் இரு கரையிலும் வேண்டும். கடலடிக் கம்பி வேண்டும். இரு அரசுகளின் சம்மதமும் வேண்டும். இயல்பிலேயே தனியுரிமையான தொழில் இது. தனியுரிமையைச் சந்தை கட்டுப்படுத்தாது, சட்டமே கட்டுப்படுத்தும்.

முதலாளித்துவத்தின் தாய்வீட்டில்

ஒழுங்குவிதி என்றதும், முதலீட்டை வெருட்டும் சோசலிசப் பூதம் என்று அலறுவோர் ஐரோப்பாவைச் சிறிது நோக்குவாராக. அங்கு நாடுகளை இணைக்கும் மின்வழிகள் ஒழுங்குபடுத்தப்பட்டவையாக இருத்தலே பொது விதி. விலை வேற்றுமையால் வரும் வருமானத்தை, வழியைச் சீராக வைத்திருக்கவும், புதிய வழிகளை அமைக்கவும், பாவனையாளரின் கட்டணத்தைக் குறைக்கவுமே செலவிடல் வேண்டும். தனியார் தம் விருப்பப்படி உழைக்க விதிவிலக்குக் கேட்கலாம். ஆனால் அது விலக்கே அன்றி உரிமையன்று. 2003இல் வந்த ஐரோப்பிய ஒழுங்குவிதியும், 2009இலும் 2019இலும் அதற்குப் பதிலாக வந்தவையும் இவ்விலக்குக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்துள்ளன. விலக்கின்றி அம்முதலீடு நடைபெறவே முடியாத அளவுக்கு ஆபத்து மிக்கது என்று விண்ணப்பகாரர் நிறுவ வேண்டும்; அது போட்டியைக் கெடுக்காது என்றும் நிறுவ வேண்டும்.

எஸ்தோனியாவையும் பின்லாந்தையும் இணைத்த முதலாவது எஸ்ட்லிங்க் கம்பி 350 மெகாவாற் அளவானது. மின் கம்பனிகள் சில சேர்ந்து இட்ட அக்கம்பிக்கு 2005இல் விலக்குக் கிடைத்தது. ஆனால் காலவரையறை இருந்தது. 2013 முடிவில் அது இரு நாடுகளின் மின் செலுத்துகை நிறுவனங்களின் கைக்கு மாறி, பொதுவழியாயிற்று. பிரித்தானியாவையும் நெதர்லாந்தையும் இணைக்கும் பிரிட்நெட் 1,000 மெகாவாற் அளவானது. 2011 முதல் இயங்குவது. 2007இல் அதற்கு விலக்கை அனுமதித்த ஐரோப்பிய ஆணைக்குழு ஒரு கடிவாளத்தையும் மாட்டிற்று: பத்தாண்டுக் கணக்குப் பார்க்கும்போது, மதிப்பிட்ட இலாபவீதத்தைவிட ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் உழைத்திருந்தால், வழியின் கொள்ளளவைப் பெருக்குதல் வேண்டும், அல்லது மிகையைக் கைவிடுதல் வேண்டும்.

பிரித்தானியாவையும் பெல்ஜியத்தையும் இணைத்து 2019 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய நேமோ வழியில் இம்முறை இன்னும் செம்மையானது. 25 ஆண்டுகளுக்கு அதன் வருமானத்துக்கு ஒரு மேல்வரம்பும் ஒரு கீழ்வரம்பும் இரு நாட்டு ஒழுங்குறுத்துநராலும் விதிக்கப்பட்டன. கீழ்வரம்புக்குக் குறைந்தால் பாவனையாளர் ஈடு செய்வர். மேல்வரம்பைக் கடந்தால் மிகை பாவனையாளருக்கே திரும்பும். 2022இல் எரிவாயு நெருக்கடியால் ஐரோப்பாவில் மின்விலை வானத்தைத் தொட்டபோது, நஷனல் கிரிட் நிறுவனம் தன் கடலடி வழிகளிலிருந்து வரம்பை மீறி வந்த வருமானத்தில் 20 கோடி பவுணைத் தவணைக்கு முன்னரே பாவனையாளருக்குத் திருப்ப முன்வந்தது. நிறுவனத்தின் மனம் இளகியதால் மட்டும் நிகழ்ந்ததன்று இது. வரம்பு என்று ஒன்று சட்டத்தில் இருந்தது. இருந்தமையாலேயே மிகை என்று ஒன்று இருந்தது. வரம்பில்லாத நாட்டில் அதே பணத்துக்குப் பெயர் இலாபம்.

"நட்டம் அவர்களுடையது" என்னும் வாதத்துக்கு அவுஸ்திரேலியா விடை கூறுகின்றது. அங்கு மாநிலங்களுக்கிடையே தனியார் இரு மின்வழிகளை இட்டனர். நியூ சவுத் வேல்ஸையும் குவீன்ஸ்லாந்தையும் இணைத்த டிரெக்ட்லிங்க் 2000ஆம் ஆண்டிலும், விக்டோரியாவையும் தென் அவுஸ்திரேலியாவையும் இணைத்த மரேலிங்க் 2002ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. விலை வேற்றுமையால் உழைப்போம், எவரிடமும் கையேந்தோம் என்பதே அவற்றின் தத்துவம். நடந்தது என்ன? மரேலிங்க் இயங்கத் தொடங்கிய அதே ஆண்டிலேயே தன்னை ஒழுங்குபடுத்தப்பட்ட வழியாக ஏற்றுக்கொள்ளுமாறு விண்ணப்பித்தது. 2003இல் அவ்வாறே ஆயிற்று. டிரெக்ட்லிங்கும் 2006இல் அதே வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்து பாவனையாளர் செலுத்தும் நிச்சயமான கட்டணமே அவற்றின் வருமானம். இலாபம் வரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை சந்தை; நம்பிக்கை பொய்த்ததும் பொதுமக்கள்! ஆகவே, ஒழுங்குவிதி வேண்டுமா வேண்டாமா என்பதன்று பிரச்சினை. முதலீட்டாளனுக்கு வேண்டும்போது வருகின்ற விதியா, மக்களுக்காக முன்னரே எழுதப்படும் விதியா என்பதே பிரச்சினை.

ஒரு நாடு, இரு வழிகள்

ஐரோப்பாவைவிட எமக்கு அண்மையில், எம்மையொத்த நாடொன்றின் அனுபவமும் உண்டு. இந்தியாவிலிருந்து பங்களாதேஷுக்குச் செல்லும் இரு மின்வழிகளை ஒப்பு நோக்குவோம்.

ஒன்று மேற்கு வங்காளத்தின் பகரம்பூரிலிருந்து பங்களாதேஷின் பெராமாரா செல்வது. 2013 ஒக்டோபரில் 500 மெகாவாற்றுடன் தொடங்கி, 2018இல் இருமடங்காயிற்று. இரு கரையிலும் அரசுத்துறை நிறுவனங்களே அதனை அமைத்தன. எந்தவொரு விற்பனையாளனுக்கும் அது தனிச்சொத்தன்று. நேபாளத்தின் நீர்மின்சாரம் 40 மெகாவாற் பங்களாதேஷுக்குச் செல்ல 2024 ஒக்டோபரில் மூன்று நாடுகளும் உடன்பட்டபோது, அம்மின்சாரம் அடுத்த மாதமே இவ்வழியாகத்தான் சென்றது. இமயத்து ஆறொன்று வங்கத்து வீட்டில் விளக்கேற்றிற்று. வழி பொதுவாக இருந்தமையாலேயே இது கைகூடிற்று.

மற்றையது ஜார்க்கண்ட் மாநிலத்தின் கொட்டாவிலிருந்து செல்வது. அங்கு அதானி கம்பனியின் 1,600 மெகாவாற் நிலக்கரி நிலையம் உண்டு. 2017 நவம்பரில் பங்களாதேஷின் மின்சார அபிவிருத்திச் சபையோடு 25 ஆண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. நிலையத்தின் மின்சாரம் முழுவதும் பங்களாதேஷுக்கே. எல்லைவரை அதற்கெனவே தனிவழி. நிலம் ஜார்க்கண்டின் ஆதிவாசி விவசாயிகளுடையது. நிலக்கரி கடல் கடந்து வருவது. புகை அங்கே, மின்சாரம் இங்கே, இலாபம் வேறெங்கோ. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கான கட்டணத்தை வாங்குபவர் செலுத்தியே ஆக வேண்டும்.

2023இல் மின்சாரம் வரத் தொடங்கியது. தொடங்குமுன்னரே நிலக்கரி விலை பற்றிய தகராறும் தொடங்கிவிட்டது. 2024 ஓகஸ்ட் 5ஆந் திகதி டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு வாரத்தின் பின் இந்திய அரசு தன் ஏற்றுமதி விதிகளைத் திருத்தி, அயல்நாட்டுக்கென மாத்திரம் உற்பத்தி செய்யும் நிலையம் இந்திய மின் வலையமைப்பிலும் இணையலாம் என்றது. அவ்வாண்டு ஒக்டோபர் முடிவில், 80 கோடி டொலருக்கு மேற்பட்ட நிலுவையைக் காரணங் காட்டி, கம்பனி மின் வழங்கலைப் பாதியாகக் குறைத்தது. வாங்குபவனுக்கு வேறு வழியில்லை. விற்பவனுக்கோ வேறு சந்தை திறந்துவிட்டது. உற்பத்தியும் வழியும் ஒரே கையில் இருந்தால், கடன்காரனின் கழுத்தை நெரிக்க அக்கைக்கு அதிக பலம் வேண்டியதில்லை.

கடனைச் செலுத்த வேண்டாமா என்று கேட்பர். செலுத்தவே வேண்டும். ஆனால் பல கோடி மக்களின் வெளிச்சத்தைப் பிணையாக வைத்துக் கடன் அறவிடும் அதிகாரத்தை ஒரு கம்பனிக்கு வழங்கும் ஒப்பந்தத்தை எந்தப் பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றியது என்பதே எமது கேள்வி.

எம் வாசலில்

இனி எம் வீட்டுக்கு வருவோம். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நாடு இருளில் இருந்ததை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் குப்பிவிளக்கை மீண்டும் துடைத்து வைத்த வீடுகளை நாம் அறிவோம். எம் மாணவர் பலர் அவ்வீடுகளிலிருந்தே வருகின்றனர். இருளுக்கு அஞ்சும் மக்களிடம் எந்த ஒப்பந்தத்தையும் விற்றுவிடலாம். அவசரமே ஒப்பந்தகாரனின் உற்ற நண்பன்.

அவ்வவசரத்தில் என்ன நடந்தது என்பதற்கு மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டம் சான்று. 2022 ஜூனில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, போட்டிக் கேள்விமனு பற்றிய நிபந்தனை தளர்த்தப்பட்டது. அதே மாதத்திலேயே, திட்டத்தை அதானி கம்பனிக்கு வழங்க இந்தியப் பிரதமரின் வற்புறுத்தல் இருந்ததாக மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் கூறினார். சனாதிபதி மறுத்ததும் கூற்றை மீளப்பெற்றார். பின்னர் பதவியும் துறந்தார். 2024 மே மாதத்தில் 484 மெகாவாற் மின்சாரத்தை அலகொன்று 8.26 அமெரிக்கச் சதத்துக்கு 20 ஆண்டுகள் வாங்க அமைச்சரவை இணங்கியது. சூழலியலாளர் உயர் நீதிமன்றம் சென்றனர். புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. திட்டத்தின் நன்மை தீமை ஒருபுறமிருக்க, திறந்த போட்டியின்றிப் பிறந்த விலை திறந்த வெளிச்சத்தில் நிலைக்கவில்லை என்பதே இதன் பாடம். 2025 ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதிக்கு வந்ததும், தம் மண்ணைப் பற்றிய முடிவுகள் தம்மைக் கேளாது எடுக்கப்பட்டமையாலேயே.

வடபுலத்துத் தீவுகளும் ஒரு பாடம் கூறும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்கும் பணி 2021 தொடக்கத்தில் சீனக் கம்பனியொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, ஆண்டிறுதியில் பணி நின்றது, 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய உதவியோடு நிறைவேறும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. இழுபறியில் வல்லரசுகளின் நலன்கள் பேசப்பட்டன; தீவுவாசியின் விளக்கைப் பற்றிப் பேசியவர் சிலரே.

அயல்நாடு தன் வாசலுக்குக் காவல் வைத்தே இருக்கின்றது. 2018இலும் அதன் பின்னரும் இந்தியா வகுத்த விதிகளின்படி, இந்தியாவோடு நில எல்லை கொண்டதும் மின்துறை உடன்படிக்கை இல்லாததுமான மூன்றாம் நாடொன்றின் ஆதிக்கத்திலுள்ள நிலையத்தின் மின்சாரத்தை அங்கு விற்கமுடியாது. சீனத் தொடர்புடைய நேபாள நீர்மின் நிலையங்களுக்கு இவ்விதியால் இந்தியச் சந்தை மூடப்பட்டது. இந்தியாவின் உள்நாட்டு மின் சந்தையிற்கூடப் பெரும்பாலான கொள்வனவுக்கு அலகொன்றுக்கு 10 இந்திய ரூபா என்னும் உச்சவரம்பு 2023 முதல் உண்டு. முதலீட்டை வரவேற்கும் பெருநாடே தன் விதிகளை முன்கூட்டி எழுதி வைத்திருக்க, சிறுநாடு விதியின்றி மேசைக்குச் செல்வது எந்த அறிவு?

எம்மிடம் விதிகளே இல்லையென்று நாம் கூறவில்லை. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது; 2025இல் வந்த திருத்தம் உற்பத்தி, செலுத்துகை, விநியோகம் ஆகியவற்றை ஏற்கும் பிரதான கம்பனிகள் அரசுடைமையாகவே இருத்தல் வேண்டும் என்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், தரையிலுள்ள கம்பி அரசுடைமையாகவும் கடலடிக் கம்பி தனியுடைமையாகவும் அமைந்தால், வீடு எமதாகவும் வாசற்படி பிறனுடையதாகவும் முடியும். ஆணைக்குழுவின் வலிமையைப் பற்றியும் நாம் மயங்குவதற்கில்லை. கட்டண உயர்வு தொடர்பில் அரசோடு முரண்பட்ட அதன் தலைவர் 2023 மே மாதத்தில் பாராளுமன்ற வாக்கினால் நீக்கப்பட்டார். அவர் சரியா பிழையா என்பது வேறு. அரசோடு முரண்பட்ட தலைவர் பெரும்பான்மை வாக்கால் நீக்கப்படும் நாட்டில், கடல் கடந்த கம்பனியோடு மல்லுக்கட்ட ஒழுங்குறுத்துநனுக்கு எங்கிருந்து துணிவு வரும்?

பணம் எங்கே?

எதிர்வாதிகளின் கடைசிக் கோட்டை இக்கேள்வியே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று கைவிரித்த நாடு நாம். கடன் எளிதில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் தனியார் முதல் தானமன்று. அம்முதலும் அதன் இலாபமும் மின்கட்டணப் பட்டியலின் வழியாகவே திரும்பிச் செல்லும். 100 கோடி ரூபாவுக்கு அரசு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி கொடுக்கின்றது, தனியார் 15 சதவீத இலாபம் எதிர்பார்க்கின்றார் என்று கொண்டால், ஆண்டுதோறும் 7 கோடி ரூபா வேறுபாடு. அதைச் செலுத்துவது திறைசேரியன்று. விளக்கேற்றுகின்ற ஒவ்வொரு வீடும். அரசின் கடன் கணக்கில் தோன்றாத செலவு அடுப்படியின் கணக்கில் தோன்றும்.

இன்னொன்று. கம்பி வந்தாலே விலை இறங்கிவிடும் என்பாரும் உளர். தென்மேல் பருவக்காற்று மன்னாரில் வீசும்போது தமிழ்நாட்டுக் காற்றாலைகளும் சுழல்கின்றன. மாலையில் எம் வீடுகளில் விளக்கேறும் வேளையிலே தென்னிந்திய வீடுகளிலும் விளக்கேறுகின்றது. எனவே எவ்வேளையில் எத்திசையில் எவ்விலைக்கு மின்சாரம் பாயும் என்பதை நுணுகிக் கணக்கிட வேண்டும். வரட்சியில் எம் நீர்த்தேக்கங்கள் வற்றும்போதும், பெருநிலையமொன்று திடீரெனச் செயலிழக்கும்போதும், இந்தியாவில் நண்பகலிற் சூரிய மின்சாரம் மலியும்போதும் இக்கம்பி பெரும் பயன் தரும். அப்பயனில் எம் பங்கை உறுதி செய்வதே ஒழுங்குவிதியின் பணி.

ஆகவே, தனியாரின் ஒரு ரூபாவும் வேண்டாமென்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. பொது உடைமையே முதல் வழி. இரு நாட்டு அரசுத்துறை நிறுவனங்களும் கூட்டாக அமைத்தல் அதற்குப் பொருத்தமான உருவம். தனியார் முதல் தவிர்க்கவியலாதெனின், பின்வருவனவற்றைக் குறையாத நிபந்தனைகளாக நாம் வற்புறுத்துகின்றோம்.

முதலாவது, உடன்படிக்கைகளின் முழு வாசகமும் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடப்பட்டு, பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, முதலீட்டாளர் திறந்த போட்டியினாலேயே தெரிவு செய்யப்படல் வேண்டும். அரசுக்கு அரசு என்னும் போர்வைக்குள் கம்பனி நுழையலாகாது.

மூன்றாவது, வருமானத்துக்கு மேல்வரம்பு வேண்டும். மிகை முழுவதும் சிறு பாவனையாளரின் கட்டணத்தைக் குறைக்கச் செல்லுதல் வேண்டும். மேல்வரம்பின்றிக் கீழ்வரம்பு கேட்பவனுக்கு விடை மறுப்பே.

நான்காவது, மின்சாரம் விற்பவன் கம்பியின் உடைமையாளனாக இருத்தலாகாது. வழி யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, காலவரையறை வேண்டும். எஸ்தோனியக் கம்பி கைமாறியதுபோல, குறித்த ஆண்டில் இக்கம்பியும் பொதுவுடைமையாதல் வேண்டும்.

ஆறாவது, தகராறு எழுந்தால் இரு நாட்டு ஒழுங்குறுத்துநரும் கூடித் தீர்க்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கும் உரிமை எக்கம்பனிக்கும் இருத்தலாகாது.

ஏழாவது, கம்பி கரையேறும் மன்னார் மண்ணின் மீனவரும் விவசாயிகளும் திட்டம் வரையப்படும்போதே கேட்கப்படல் வேண்டும். வரைந்து முடித்தபின் அறிவிக்கப்படுதல் கேட்டலாகாது.

இவை புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. இவற்றிற் பெரும்பாலானவை முதலாளித்துவ ஐரோப்பா தன் மக்களுக்கு ஏற்கெனவே வழங்கியுள்ளவை. லண்டன் பாவனையாளனுக்கு நியாயமானது தலைமன்னார்ப் பாவனையாளனுக்கு ஏன் பேராசையாக வேண்டும்?

இதே நீரிணையின் குறுக்கே 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும் இருபுறத்தும் புகைவண்டியும் இணைக்கப்பட்டன. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அவ்வழி நின்றது. இரு கரை உறவினரை அது சேர்த்தது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளரையும் அதுவே கொண்டுவந்தது. உழைப்பு அவ்வழியே வந்தது. உழைப்பின் பயனோ கொழும்புத் துறைமுகத்தின் வழியே லண்டனுக்குச் சென்றது. வழி குற்றவாளியன்று, வழியை ஆண்ட வர்க்கமே குற்றவாளி. புதிய வழியொன்று வரையப்படும் இவ்வேளையில் அவ்வரலாறு எம் நினைவில் இருத்தல் வேண்டும்.

மின்சாரம் பொறியியலாளரின் விடயம், ஒப்பந்தம் சட்டத்தரணியின் விடயம் என்று ஆசிரியரும் மாணவரும் ஒதுங்கியிருக்கும் காலம் முடிந்துவிட்டது. மேலே நாம் போட்ட தோணிக்காரனின் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். அதனை வகுப்பறையிற் போட்டுக் காட்டுவோம். ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் எடுத்துரைப்போம். சிங்களத் தோழரோடு சேர்ந்து உடன்படிக்கையின் வாசகத்தைக் கேட்போம். கையொப்பமிட்டபின் கண்டனம் எழுதுதல் எளிது. கையொப்பமிடுமுன் கேள்வி கேட்பதே பயன் தருவது.